கைவிடும் வரி

டூ. அப்புறம் இரண்டு விநாடி ஒன்றுமில்லை. மறுபடி டூ.

ஒன்பது நாளாக எங்கள் வீட்டுப் போனில் ராத்திரி பதினொரு மணிக்கு இந்தச் சத்தம்தான் அக்கா. மணி அடிக்கும். எடுத்தால் ஆள் கிடையாது, மூச்சுகூடக் கிடையாது. கிணற்றுக்குள் விழுந்த குருவி மேலே யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிற மாதிரி, டூ. ‘ஹலோ, யாருங்க’ என்றால் அதற்கும் டூ. வைத்துவிட்டால் இருபது நிமிஷம் கழித்து மறுபடி அடிக்கும். அதையும் வைத்தால் இன்னொரு இருபது நிமிஷம். மொத்தம் மூன்றே தடவை. அப்புறம் மறுநாள் ராத்திரிதான்.

பிறந்து ஐம்பத்திரண்டு நாளே ஆன குழந்தை இருக்கிற வீடு இது. முதல் மணிக்கே என் பெண் தூக்கிவாரிப் போட்டு அலறுகிறாள். மூன்றாம் நாளே அம்மா வாசலில் வேப்பிலை செருகிவிட்டாள், தொட்டிலுக்கு அடியில் பழைய அரிவாள்மணையைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். அப்பா டெலிபோன் ஆபீஸுக்கு இரண்டு புகார்க் கடிதம் எழுதினார். “ஏதோ கம்பெனியோட ஃபேக்ஸ்மா. நம்பரை மாத்திப் போட்டு வச்சிருக்கான் மடையன்” என்றார். நானும், “ஆமாம்ப்பா, ஃபேக்ஸ்தான்” என்றேன்.

ஃபேக்ஸ் இல்லை என்று எனக்கு முதல் நாளே தெரியும். அதனால்தான் பயம். பேய் என்றால் வேப்பிலை போதும்.

இன்று மதியம் நீங்கள் வந்தீர்கள். நல்ல வெயில். செருப்பைக் கழற்றிக்கொண்டே, “ரோகிணின்னு இருக்காங்களா? நான் கயல்விழி. மணிமொழியோட அக்கா. வில்லிவாக்கத்திலேர்ந்து வரேன்” என்றீர்கள். கூடத்தில் அப்பா பேப்பரைக் கீழே இறக்கினார். அவர் இறக்கிய விதத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், நான் பார்த்தேன்.

“எந்த மணிமொழிங்க? எனக்கு அப்படி யாரையும் தெரியாதே” என்றேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அதற்காகத்தான் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்க இல்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு உங்கள் மேல் கோபம். அப்பா வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து வருவதா? ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு வரக்கூடாதா? உங்கள் வீட்டிலேதான் இப்போது போன் இருக்கிறதே, ஒன்பது நாளாக அதுதானே எங்களைத் தூங்கவிடாமல் அடிக்கிறது!

நீங்கள் வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னதெல்லாம் உள்ளே எனக்குக் கேட்டது. மணிமொழி போய் இரண்டரை வருஷம் ஆயிற்று, மஞ்சள் காமாலை, ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஆறு நாள் என்றீர்கள். தனக்கு வேலை போன அந்த வருஷமே டெலிபோனுக்கு அவள் எழுதிப் போட்டிருந்தாள், அது அவள் பெயரிலேயே போன மாசம்தான் வந்தது என்றீர்கள். உங்கள் வீட்டுக்காரர் அவளுடைய பழைய கம்ப்யூட்டரை விற்பதற்கு முன்னால் ஓடுகிறதா என்று பார்க்கலாமென்று ஒயரைக் கொண்டுபோய்ப் போனில் செருகினார், ராத்திரி பதினொன்றுக்கு அது தானாக டயல் செய்ய ஆரம்பித்தது, திரையில் என் பெயர் வந்தது.

“பிடுங்கிடலாம்னுதான் அவர் சொன்னாரு. நான்தான் இருக்கட்டும்னேன். வேலை போனப்புறம் ஒருநாள் ராத்திரி முழுக்க உக்காந்து அதுல டைப் அடிச்சா. போனே இல்லாத வீட்டுல யாருக்குடீ எழுதுறேன்னேன். ‘எப்பவாவது லைன் வரும்’னா. எங்களால தெறக்க முடியலீங்க. உங்க பொண்ணோட மெஷின் எடுத்தாத்தான் கொடுக்குமாம். நாளைக்குக் காலைல கடைக்காரர் வந்து தூக்கிட்டுப் போயிடுவார். இன்னிக்கி ஒரு ராத்திரிதான் இருக்கு. அதைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

அப்புறம், போகும்போது ஒன்று சொன்னீர்கள் பாருங்கள். “எங்க மணி உங்க பொண்ணைப் பத்தி ஒருநாளும் ஒரு வார்த்தை தப்பாச் சொன்னதில்லீங்க.”

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னைப் பற்றித் தப்பாகச் சொல்ல என்ன இருக்கிறது? நான் என்ன செய்தேன்? யாராவது என்னிடம் கேட்டீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்.

தொண்ணூற்று மூன்று. நான் பி.எஸ்.சி. கணக்கு இரண்டாம் வருஷம். புரசைவாக்கத்தில் ஜவுளிக்கடைக்கு மேலே ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம். அங்கே லேபில் நின்றாள் உங்கள் தங்கை. என்னைவிட இரண்டு வயசு பெரியவள், பாலிடெக்னிக் டிப்ளமா. ரவிக்கையில் பேனாவைச் செருகிக்கொண்டிருந்தாள். நான் மனசுக்குள் சிரித்தேன். பன்னிரண்டு வருஷம் கான்வென்டில் படித்தவள் நான். அவள் பேசுகிற இங்கிலீஷைக் கேட்டால் எங்கள் சிஸ்டர்கள் மயக்கம் போட்டு விழுந்திருப்பார்கள்.

முதல் நாளே என் புரோகிராம் ஓடவில்லை. மெஷினைத் திட்டினேன். வந்தாள்.

“என்ன கான்வென்ட், மெஷின்கூட சண்டையா?”

“இது சரியில்ல மிஸ். தப்புத் தப்பாப் பண்ணுது.”

“அது பண்ணாது. அதுக்கு அவ்வளவு அறிவு கிடையாது. நீ சொன்னதைத்தான் பண்ணும். நீ என்ன சொன்னேன்னு சத்தமாப் படி.”

மற்ற வாத்தியார்கள் நம்மைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து தாங்களே அடித்துக் கொடுத்துவிடுவார்கள். இவள் கீபோர்டைத் தொடவே மாட்டாள். கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். மறுநாள் வீட்டிலிருந்து இட்லித் தட்டும் ஒரு பிடி புளியங்கொட்டையும் கொண்டுவந்தாள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு நம்பர். முதல் குழி சைபர். நான் எழுதிய புரோகிராமை வரிவரியாகப் படித்துக்கொண்டே கொட்டைகளை நானே நகர்த்த வேண்டும். ஏழு குழிதான் இருக்கும், நான் எட்டாவது குழியில் போடப் பார்ப்பேன்; கொட்டை மேஜையில் உருண்டு கீழே ஓடும். “பாத்தியா, தரையில போட்டுட்டே. மெஷினும் அப்படித்தான் எங்கியோ போட்டிருக்கு” என்பாள். ஆறு மாசப் பாடத்தை எனக்கு அந்த இட்லித் தட்டு ஆறு வாரத்தில் சொல்லிக் கொடுத்தது. இதை நான் மறுக்கவில்லை. நன்றி கெட்டவள் இல்லை நான்.

போர்டைப் பற்றி உங்களுக்கு அவள் சொல்லியிருப்பாளோ என்னவோ. இன்டர்நெட் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் ஊரில் சில பேர் ‘புல்லட்டின் போர்டு’ என்று இப்படி நடத்தினார்கள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன். வெளியிலிருந்து யாராவது தங்கள் கம்ப்யூட்டரால் அந்த நம்பருக்கு டயல் செய்தால் உள்ளே போகலாம். கடிதம் படிக்கலாம், எழுதலாம், சந்தேகம் கேட்கலாம். ஒரு லைன்தான் என்பதால் ஒரு நேரத்துக்கு ஒரு ஆள்தான். அரை மணி ஆனால் வெளியே தள்ளிவிடும், அடுத்தவர் வரவேண்டுமே! மணிமொழி அப்படி ஒன்று நடத்தினாள். ‘மொட்டைமாடி’ என்று பெயர். வேண்டாம் என்று ஒதுக்கிய உதிரிகளைச் சேர்த்து அவளே கட்டிய மெஷின். போன் மட்டும் பயிற்சி நிலையத்துப் போன். ராத்திரி ஒன்பது மணிக்கு முதலாளி பூட்டிக்கொண்டு போனபிறகு திறக்கும், காலை ஆறுக்கு மூடிக்கொள்ளும். முதலாளிக்குத் தெரியாது. அது யார் போன் என்று அவளுக்கும் எனக்கும்தான் தெரியும்.

வாரத்தில் மூன்று நாள் மாற்றுச் சாவியால் திறந்துகொண்டு அவளே அங்கே ராத்திரி இருப்பாள். பேப்பர் திருத்துகிறேன் என்று வீட்டில் சொல்லியிருப்பாள், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மொட்டைமாடிக்கு இருபத்து மூன்று பேர் வருவார்கள், எல்லாம் ஆண்கள். இன்ஜினியர்கள், பாங்க் ஆபீசர்கள், ஐ.ஐ.டி. பையன்கள். நடத்துவது ஒரு பெண் என்று ஒருத்தருக்கும் தெரியாது. அவள் வைத்துக்கொண்ட பெயர் வாட்ச்மேன். “வாட்ச்மேன் சார், இந்த இடத்துல மாட்டிக்கிட்டேன், கொஞ்சம் பாருங்க” என்று கெஞ்சுவார்கள். விழுந்து விழுந்து சிரிப்பாள். “சாராவே இருந்துட்டுப் போறேன். மேடம்னு தெரிஞ்சா கல்யாணமாயிடுச்சான்னுதான் கேப்பானுங்க, புரோகிராம் எப்படின்னு கேக்கமாட்டானுங்க.”

வரவேற்புப் பக்கத்தில் ஏழு வரி இங்கிலீஷ் எழுதியிருந்தாள், ஒன்பது தப்பு. எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்தவள் நான். யாராவது அதைச் சொன்னார்களா?

அப்பா அப்போதுதான் ஒரு கம்பெனியில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டரை எனக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். கம்ப்யூட்டரைப் போனோடு சேர்க்கிற மோடம் மணிமொழி கொடுத்தது. கூடத்துச் சுவரில் போன் லைன் வருகிற இடத்திலிருந்து என் அறைக்குத் தனி ஒயர் இழுத்தோம். அவள் வைத்த ஏற்பாடு இதுதான்: ராத்திரி பதினொன்றுக்கு அவள் மெஷின் என் மெஷினைக் கூப்பிடும். டூ, டூ என்று கேட்கும். என் மெஷின் பதிலுக்குக் கத்த வேண்டும். அப்புறம் அதுவும் கத்தும். இரண்டும் கத்தி முடித்தால் கடிதங்கள் இறங்கும். நான் மெஷினை எழுப்பி வைக்காவிட்டால் அது வெறுமனே கூப்பிட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

அந்தக் கூப்பிடுகிற வேலைக்கான புரோகிராமை நான்தான் எழுதினேன். ஆமாம், என் முதல் சொந்தப் புரோகிராம். “நீயே எழுது கான்வென்ட். எத்தனை தடவை கூப்பிடணும், எத்தனை நேரம் விட்டுக் கூப்பிடணும், எல்லாம் நீயே முடிவு பண்ணு” என்றாள். மூன்று தடவை, இருபது நிமிஷ இடைவெளி. நான் வைத்த கணக்குதான் அது. பதினோரு நாள் எடுத்தேன். அவள் சத்தமாகப் படித்தாள், கடைசி வரிவரைக்கும்.

“எல்லாம் சரி. ஒண்ணு விட்டுட்டியே.”

“என்ன?”

“எத்தனை நாள்? இன்னிக்கு மூணு தடவை எடுக்கல. நாளைக்கு மூணு தடவை எடுக்கல. எப்ப நிறுத்தும்? கைவிடுற வரி எங்க?”

நான் யோசிக்கவே இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன். “எழுதிடறேன்.”

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “வேணாம், விடு. இப்படியே இருக்கட்டும். உன் மெஷின் என்ன, செத்தா போயிடப் போகுது?”

அதனால்தான் அக்கா அது நிற்கவில்லை. ஒன்பது நாள் என்ன, தொண்ணூறு நாள் ஆனாலும் நிற்காது. அதை நிறுத்தச் சொல்லி யாரும் அதற்குச் சொல்லவில்லை.

இப்போது மணி பத்து நாற்பது. பரணிலிருந்து கம்ப்யூட்டரை இறக்கிவிட்டேன். அப்பா ஒன்பதரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு கூடத்தில் படுத்துவிட்டார். அம்மாதான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். “பச்சை உடம்புடி, பாவி” என்று திட்டிக்கொண்டே பிடித்தாள். பழைய போர்வையைப் பிரித்தால் கரப்பான்பூச்சி முட்டை. ஆனால் போட்டதும் திரை ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. மோடம் அம்மாவின் பிஸ்கட் டின்னில் இருந்தது.

“மணிமொழின்னா, சைக்கிள்ல வருமே, அந்தக் குள்ளப் பொண்ணா?” என்றாள் அம்மா. “வாசல்ல வந்து நின்னுச்சே. தண்ணி கேட்டுச்சு, குடுத்தேன்.”

அதற்கும் வருகிறேன்.

தொண்ணூற்று நாலு ஆகஸ்ட். பதினொன்றரை மணி. திரையில் நானும் அவளும் பேசிக்கொண்டிருந்தோம். அவள் தட்டுகிற எழுத்து ஒவ்வொன்றாக என் திரையில் விழும், நான் தட்டுவது அவளுக்குப் போகும். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்போம், அதற்குத்தான் அப்போது வழி. அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை, கூடத்தில் போனை எடுத்திருக்கிறார். எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி இரைச்சல். ஒரு ஆள் போனை எடுத்தால் போதும், இணைப்பு அறுந்துவிடும். அறுந்தது. கடைசியாக விழுந்த வரி மட்டும் திரையில் நின்றது. அப்பா கதவைத் திறந்துகொண்டு வந்தார். அந்த வரியைக் குனிந்து படித்தார்.

வாட்ச்மேன்: தூங்கிடாதே. இன்னும் பத்து நிமிஷம் இரு.

“எந்த பில்டிங் வாட்ச்மேன்டீ அவன்?”

இப்போது நினைத்தால் சிரிப்புக்கூட வருகிறது. அப்போது வரவில்லை. கன்னத்தில் விழுந்தது. “அவன் இல்லப்பா, பொண்ணுப்பா” என்கிறேன். “பொண்ணா? ராத்திரி பன்னெண்டு மணிக்குத் தூங்காதேன்னு சொல்ற பொண்ணா?” இன்னொன்று விழுந்தது. நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்திருக்க முடியும்? பெண்தான் என்று நிரூபிக்க வேண்டாமா? மணிமொழி, புரசைவாக்கம் இன்ஸ்டிட்யூட், லேபில் மிஸ், ராத்திரி அங்கிருந்துதான் பேசுகிறாள் என்று சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். பொய் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள் நான்.

கோள் சொல்லவில்லை. பெயரைச் சொன்னேன். இரண்டும் வேறு வேறு.

அப்பா பாவம், மறுநாள் காலை நிஜமாகவே பெண்தானா என்று பார்க்கப் போனார். முதலாளியிடம் விசாரித்தார். முதலாளிக்கு அப்போதுதான் போன் விஷயமே தெரிந்தது. அந்த ஆள் மெஷினைத் தட்டிப் பார்த்து இருபத்து மூன்று ஆண்களின் பெயரை எடுத்து, ராத்திரியில் பூட்டிய ஆபீசில் உட்கார்ந்து இத்தனை ஆண்களோடு பேசினாள் என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்லி, உங்கள் வீட்டுக்கே ஆள் அனுப்பிச் சொல்லி… அதெல்லாம் அந்த ஆள் செய்தது. நான் இல்லை, அப்பாவும் இல்லை. அந்தக் கேவலத்துக்குப் பிறகு அவளுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் நின்றுபோயிற்று என்பது எனக்கு இன்று மதியம்தான் தெரியும். நீங்கள் அம்மாவிடம் சொன்னீர்கள். சாதாரணமாக, பஸ் தாமதமாகிவிட்டது என்கிற மாதிரி சொன்னீர்கள்.

அந்த வாரமே அப்பா என் அறைக் கதவின் உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றினார். “வயசுப் பொண்ணு ரூமுக்கு உள்தாழ்ப்பாள் எதுக்கு?” நாலு திருகாணி. ஓட்டையெல்லாம் சோப்பு வைத்து அடைத்தார். அப்பா எதையும் நறுக்கென்று செய்வார்.

மணிமொழி வந்தாள். வரவில்லை என்று நான் இத்தனை வருஷம் எல்லாரிடமும் சொன்னேன், என்னிடமும் சொல்லிக்கொண்டேன். ஒரு தடவைகூட என்னைத் தேடவில்லை, வேலை போனதும் என்னைத் தூக்கி எறிந்துவிட்டாள் என்று. என் கணவரிடமும் அப்படித்தான் சொன்னேன். அவர், “இந்த மாதிரி ஆளுங்க அப்படித்தான்” என்றார். ஆனால் வந்தாள். மெஷினைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு முதல் தடவை. அப்புறம் ஒரு புதன்கிழமை. அப்புறம் இன்னொரு நாள். அப்பா வாசலிலேயே பேசி அனுப்பினார். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். எண்ணெய் வைத்துத் தலை குளித்திருந்தேன், முடியெல்லாம் ஈரம், அப்படியே எப்படி வெளியே போவது?

மூன்று நாளும் தலை குளித்திருந்தேனா என்று கேட்காதீர்கள்.

மணி பதினொன்று ஐந்து.

முதல் தடவை போயிற்று.

எல்லாம் தயாராகத்தான் வைத்திருந்தேன். மெஷினை எழுப்பிவிட்டால் போதும், ஒரே ஒரு தட்டு. போன் அடித்தது. கை அசையவில்லை. அவள் அதில் என்ன எழுதியிருப்பாள் என்று நினைத்தேன். ‘நீதான்டீ’ என்று எழுதியிருந்தால்? ஒரே வார்த்தை போதுமே. குழந்தை அலறினாள், அவளை எடுப்பதற்குள் கூடத்தில் அப்பா எழுந்து ரிசீவரை எடுத்துவிட்டார். “ஹலோ! ஏய்! யாருடா அது?” என்று கத்தினார். டூ என்றிருக்கும். வைத்துவிட்டார்.

கூடத்துப் போனின் ஒயரைப் பிடுங்கி வைத்திருக்கலாம் என்று கேட்பீர்கள். எனக்குத் தோன்றாமல் இல்லை. அப்பா தலைமாட்டில் இருக்கிறது அது.

சுபாவத்திலேயே எனக்குப் பயம் அதிகம் அக்கா. பிரசவத்துக்குப் பிறகு இன்னும் அதிகம். குழந்தை தும்மினால் பயம். பால் கக்கினால் பயம். மணிமொழிக்கு இது தெரியும். “நீ புரோகிராம் எழுதுறதே தப்பு வந்துடுமோன்னு பயந்துக்கிட்டுத்தான் எழுதுறே. தப்பு வரட்டும் கான்வென்ட். வந்தா அது எந்த வரியில வந்துச்சுன்னு மெஷினே சொல்லும்” என்பாள். சொல்லிவிட்டுச் செத்துப்போனாள். என் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால். எனக்கு யாரும் சொல்லவில்லை. காரியப் பத்திரிகை ஒன்று போட்டிருந்தால், ஒரு கார்டு எழுதியிருந்தால்… எனக்குச் சொல்ல நீங்கள் யார் வீட்டுக்கு வந்திருப்பீர்கள், எந்த வாசலில் நின்றிருப்பீர்கள் என்று கேட்கிறீர்களா? கேளுங்கள். மதியம் வந்து நின்றீர்களே, என்ன கிடைத்தது? அம்மா உங்களுக்குத் தண்ணீராவது கொடுத்தாளா?

பதினொன்று இருபத்தாறு.

இரண்டாவது தடவையும் போயிற்று. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இந்தத் தடவை தட்டினேன். மெஷின் எழுந்துகொண்டது. போன் அடித்தது, மோடம் எடுத்தது, கத்தியது. ஐந்து வருஷம் கழித்து அந்தக் கத்தல்! அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் வீட்டு மெஷின் பதிலுக்குக் கத்தியது. குழந்தை ஆச்சரியமாக வாயை மூடிக்கொண்டாள், சத்தியமாக. திரையில் ‘மொட்டைமாடி’ என்று விழுந்தது. கீழே நான் திருத்திக் கொடுத்த ஏழு வரி. ஏழும் அப்படியே. அதற்குக் கீழே, ‘ரோகிணிக்கு: கடிதம் 1’.

கதவு திறந்தது.

“என்னடீ பண்றே இந்நேரத்துல? என்ன சத்தம் இது? மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?”

அப்பா வாசற்படியைத் தாண்டவில்லை. தொடவில்லை. எதையும் பிடுங்கவில்லை. நான்தான். என் கைதான். இருபது வயசில் எப்படிப் பழகியதோ அப்படியே போய்ச் சுவிட்சை அணைத்தது. திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி இருட்டாயிற்று.

“ஒண்ணுமில்லப்பா. சும்மா, ஓடுதான்னு பாத்தேன்.”

“குழந்தை பெத்தவ மாதிரி நடந்துக்க” என்றார். போய்ப் படுத்துவிட்டார்.

அன்றைக்கு அடித்ததற்காக அப்பா மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. இப்போது, அடிக்காததற்கு வருகிறது. அடித்திருந்தால் அவர்தான் அணைத்தார் என்று உங்களுக்கு எழுதியிருப்பேன்.

இன்னும் ஒரு தடவைதான். பதினொன்று நாற்பது. அப்புறம் விடிந்தால் கடைக்காரர்.

அம்மா இப்போது வந்தாள். முந்தானையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தாள். தாழ்ப்பாள். நாலு திருகாணியும் ஒரு துணியில் முடிந்து, அப்பாவின் கையெழுத்தில் சீட்டு: ‘ரோகிணி ரூம்’. அப்பா எதையும் தூக்கிப் போடமாட்டார். சாமான் டின்னில் இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

“கூடத்துப் போன் ஒயரைப் பிடுங்கிட்டேன்” என்றாள் அம்மா. “முழிச்சா நான் பாத்துக்கறேன். குழந்தையைக் குடு.”

“வேணாம்மா. இங்கியே இருக்கட்டும்.”

“கத்தினா?”

“கத்தட்டும்.”

அம்மா போய்விட்டாள். கூடத்தில் அவள் பாயை இழுத்து என் கதவுக்கு வெளியே போடுகிற சத்தம் கேட்டது.

சோப்பு காய்ந்து கல்லாகியிருந்தது. கொண்டை ஊசியால் குடைந்து எடுத்தேன். திருகாணியைக் காய் நறுக்கும் கத்தி முனையால் திருகினேன். இரண்டு உள்ளே போனது, ஒன்று கோணலாகப் போனது, ஒன்று போகவே மாட்டேன் என்கிறது. மூன்று போதும்.

மெஷினை எழுப்பிவிட்டேன். ஆரஞ்சு நிறத்தில் காத்திருக்கிறது. அவள் என்ன எழுதியிருந்தாலும் சத்தமாகப் படிக்கப் போகிறேன், வரிவரியாக. குழந்தை கேட்கட்டும். நாளை காலையில் இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வில்லிவாக்கம் வருகிறேன். கடைக்காரர் முன்னாலேயே வந்துவிட்டால் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள். மணிமொழியைத் தெரியுமா என்று அங்கே யாராவது என்னைக் கேட்கட்டும். அதற்காகவே வருகிறேன்.

பதினொன்று முப்பத்தெட்டு. கூடத்தில் அப்பா இருமுகிறார், கட்டில் முனகுகிறது, எழுந்துவிட்டார் போலிருக்கிறது. “ரோகிணி” என்கிறார். “ரோகிணி, தூங்கலையா?” அம்மா ஏதோ சொல்கிறாள். செருப்புச் சத்தம் வருகிறது.

இருங்கள் அக்கா.

துருப்பிடித்திருக்கிறது. இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது. உள்ளே போய்ப் படீரென்று உட்கார்ந்தது தாழ்ப்பாள்.